உத்தரவாதச் சீட்டும் ஒட்டுப்பசையும்

ஒரு பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்று அதைச் செய்தவர்கள் உண்மையிற் கருதுகிறார்கள் என்பதை அறிய விரும்புவோர் விளம்பரத்தைப் படிப்பதிற் பயனில்லை. உத்தரவாதச் சீட்டைப் படிக்கவேண்டும். இன்று நம் மாணவர்களின் காதுகளை அலங்கரிக்கும் ஹெட்போன்களிற் பெரும்பாலானவற்றுக்கு வழங்கப்படும் உத்தரவாதம் ஓராண்டு. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கும் மலிவான வகைக்கு அதுவுமில்லை. சில நாட்களுக்குச் 'செக்கிங் வாரண்டி' என்று வாயாற் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீடு போய்ச் சேரும்வரை பாடினாற் போதும் என்பதே அதன் தாற்பரியம்.

இலக்கிய ஏடொன்றில் ஹெட்போனுக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிக்கும் நண்பர்களும் உளர். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசி வழியே வரத் தொடங்கியபோது, ஒரே அறையில் மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்புகளைக் கேட்கவேண்டியிருந்த வீடுகளை அவர்கள் மறந்திருக்கலாம், ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வசதி படைத்த வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுப் பொருள் என்ற நிலையிலிருந்து, கொப்பி, பேனை போன்ற கல்விச் சாதனம் என்ற நிலைக்கு அது வந்து ஆண்டுகள் சில ஆகின்றன. கொப்பியுந்தான் முடிந்துபோகிறது, புதிது வாங்கவில்லையா என்று கேட்கலாம். கொப்பி முடிவது அதில் நாம் எழுதியதனால்.

பாவிப்பவரின் கவனக்குறைவினாலேயே கருவி கெடுகிறது என்பது, வியாபாரிகள் மட்டுமன்றி நம்மவர் பலரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டுவிட்ட வாதம். பிள்ளையை ஏசிவிட்டு அடுத்த ஹெட்போனுக்குக் காசு தேடும் பெற்றோர் அந்த வாதத்துக்கு மாதந்தோறும் வரி செலுத்துகிறார்கள். கருவியைத் திறந்து பார்த்தால் உண்மை வேறாயிருக்கிறது. ஒலியை உண்டாக்கும் பாகம் மிக எளிமையானது: ஒரு காந்தம், மெல்லிய கம்பிச் சுருள், அதனோடு இணைந்த சவ்வு. மின்னோட்டத்துக்கேற்பச் சுருள் அசைய, சவ்வும் உடன் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. தேய்வதற்கு அங்கே அதிகமாக ஒன்றுமில்லை. பல பத்தாண்டுகள் இயங்கவல்லது அது. முதலில் உயிர்விடுவது எது? செருகியின் கழுத்தில் வளைந்து வளைந்து அறும் கம்பி. பொருக்குப் பொருக்காக உதிரும் காது மெத்தை. தலைப்பட்டியின் மூட்டில் வெடிக்கும் பிளாஸ்ரிக். முழுக் கருவியிலும் மிக மலிவான உறுப்புகள் இவை. இவை எங்கே அறும், எங்கே வெடிக்கும் என்பதைப் பாவித்துப் பழகிய பாடசாலைப் பிள்ளையே சொல்லிவிடும். வடிவமைத்த பொறியியலாளருக்குத் தெரியாதென்று நம்புவதற்கு நாம் அவ்வளவு பேதையரல்லர்.

தெரிந்தும் செய்ய இயலவில்லையோ எனில், இயலும் என்பதற்குச் சான்று அக்கம்பனிகளிடமே இருக்கிறது. சென்ஹைசர் 1988இல் வெளியிட்ட எச்டி 25 என்னும் ஹெட்போனில் கம்பி, மெத்தை, தலைப்பட்டி, ஒலிப்பான் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கழற்றி மாற்றலாம். உதிரிப்பாகங்கள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. ஜெர்மனியில் ஹைல்புரொன் நகரத்துப் பேயர்டைனமிக் கம்பனியின் டிடி 770 வகை 1980களில் தோன்றி இன்னும் விற்பனையிலுள்ளது. சொனியின் எம்டிஆர் 7506, 1991 முதல் ஒலிப்பதிவாளர்களின் தலையை விட்டு இறங்கவில்லை. இவற்றைச் செய்யத் தெரிந்தவர்களின் பெயர் தாங்கியே, பசை வைத்து ஒட்டி மூடிய சின்னஞ்சிறு காதுக் குமிழ்களும் சந்தைக்கு வருகின்றன. அறிவும் ஒன்று, பெயரும் ஒன்று. பொருள் மட்டும் இருவகை.

வேறுபாட்டின் இரகசியம் வாங்குபவர் யார் என்பதில் இருக்கிறது. வானொலி நிலையமும் ஒலிப்பதிவுக் கூடமும் மொத்தமாக வாங்குகின்றன. பழுதுபார்க்கத் தமக்கென ஆள் வைத்திருக்கின்றன. உதிரிப்பாகம் கிடையாத கருவியை மறுமுறை தொடமாட்டா. அந்தக் கூட்டுப் பலத்தின் முன் உற்பத்தியாளர் பணிகிறார். கடைவாசலில் தனியே நிற்கும் மாணவனிடம் அந்தப் பலம் இல்லை. ஆகவே அவனுக்கு ஒட்டுப்பசை.

பசையின் மகிமையை விளக்க ஓர் உதாரணம் போதும். 2016இல் அப்பிள் கம்பனி தனது ஐபோன் 7இலிருந்து ஹெட்போன் துவாரத்தை நீக்கியது. கம்பியில்லா எயர்பொட்ஸை அதே மேடையில் 159 டொலருக்கு அறிமுகம் செய்தது. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஒரு மிகச் சிறிய லிதியம் அயன் பற்றரி. ஏற்றி இறக்க ஏற்றி இறக்கக் கொள்திறன் குறைவது அவ்வகைப் பற்றரியின் இரசாயன இயல்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பேணினும் அது முதுமையடையும். பற்றரி மூப்படையும் என்று தெரிந்தும், குமிழை உடைக்காமல் அதை வெளியே எடுக்க வழி வைக்கவில்லை. கருவிகளைக் கழற்றி ஆராயும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் பழுதுபார்க்கும் எளிமைக்காக அதற்கு அளித்த புள்ளி பத்துக்குப் பூச்சியம். உத்தரவாதமோ, பாவனையினாற் பற்றரி தேய்வதைத் தன் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்தது. காலம் கடந்த பின் 'பற்றரிச் சேவை' கேட்டுச் சென்றோருக்கு அமெரிக்காவில் ஒரு குமிழுக்கு 49 டொலர், மற்றதற்கு 49, பெட்டிக்கு 49. கூட்டினால் 147. நூற்றைம்பத்தொன்பது டொலர்ப் பொருளுக்கு இதைச் சேவை என்று அழைக்க எவ்வளவு துணிவு வேண்டும்!

உத்தரவாதச் சீட்டின் உட்பொருளைச் சற்று ஆராய்வோம். அது வாங்குபவருக்கு உற்பத்தியாளர் தரும் வாக்குறுதி என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். படித்துப் பார்த்தால், எவற்றுக்கெல்லாம் தாம் பொறுப்பில்லை என்று உற்பத்தியாளர் எழுதி வைத்த பட்டியலாகவே அது பெரும்பாலும் தென்படும். 'இயல்பான தேய்மானம்' சேராது. ஈரம் பட்டது சேராது. பிறர் திறந்தது சேராது. காதில் அணியும் பொருளில் வியர்வை படாதிருக்குமோ? நம் நாட்டு வெயிலில் வியர்க்காதிருக்க மாணவன் மரப்பாவையோ? பழுது தன் குற்றமன்று என்று நிறுவும் பாரமும் நடைமுறையில் வாங்கியவன் தலையிலேயே விழுகிறது. பற்றுச்சீட்டு வேண்டும், பெட்டி வேண்டும், வவுனியாவிலோ அட்டனிலோ இருப்பவன் பேருந்தேறிக் கொழும்புக்கு வரவேண்டும். வந்தால், பொருள் முகவர் வழியாக இறக்குமதியானதன்று என்று கைவிரிக்கலாம். இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்காக இரண்டு நாட்கூலியை இழக்க எவர் முன்வருவர்? முன்வரமாட்டார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டிலேயே அடங்கியிருக்கிறது.

ஓராண்டு என்பது இயற்கை வகுத்த எல்லையுமன்று. அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலிருந்து 1958இல் முதன்முதலாக ஸ்ரீரியோ ஹெட்போனைச் சந்தைக்குக் கொண்டுவந்த கொஸ் கம்பனி, அங்கே விற்ற ஹெட்போன்களுக்கு வாழ்நாள் உத்தரவாதமே கொடுத்துவந்தது. கையாளுகைக் கட்டணம் அறவிட்டதும், நிபந்தனைகள் விதித்ததும் உண்மைதான். எனினும் அதனாற் கம்பனி அழிந்துபோகவில்லை. மறுபுறம் 1924இல் ஜெனீவாவிற் கூடிய மின்குமிழ் முதலாளிகளின் பீபஸ் கூட்டு, குமிழின் ஆயுள் ஆயிரம் மணித்தியாலத்தைத் தாண்டலாகாதென்று வரையறுத்து, தாண்டிய உறுப்பினருக்குத் தண்டமும் விதித்தது. அன்று ஆயுளைக் குறைக்கச் சதிக்கூட்டம் தேவைப்பட்டது. இன்று பசையும் பற்றரியும் இருக்கையில் எவரும் கூடிப் பேசவேண்டியதில்லை.

"மலிவு வேண்டுமானால் உறுதியை எதிர்பார்க்கலாகாது" என்று நியாயம் பேசுவோருக்கும் ஒரு சொல். ஆண்டுக்கு மூன்று மலிவுப் பொருள் வாங்கும் குடும்பம் ஐந்தாண்டிற் பதினைந்து வாங்குகிறது. ஒரே முறை நல்லது வாங்கக் கைமுதல் இல்லாத காரணத்தினாலேயே ஏழை கூடுதலாகச் செலவிடுகிறான். அதுமட்டுமா? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று கைவிரித்த நாடு இது. குப்பைக்குப் போகும் ஒவ்வொரு ஹெட்போனும் டொலர் கொடுத்து வாங்கியது. உருக்கிய ஈயத்துளி ஒன்றினால் அறுந்த கம்பியை ஒட்டவைக்கும் வானொலி திருத்துநர்கள் நம் பட்டினங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களது கைகளுக்கு எட்டாதபடி கருவி மூடப்பட்டிருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், உண்டு. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வணிகர் விற்கும் பொருள் விற்பனைக்கேற்ற தரமுடையதாயிருக்க வேண்டுமென்பதை எழுதாத நிபந்தனையாக ஏற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு உற்பத்தியாளருக்கும் வணிகருக்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரமும் உண்டு. பற்றரியின் ஆயுளையும் உதிரிப்பாகம் கிடைக்கும் காலத்தையும் பெட்டியின்மேல் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடவேண்டுமென்று பணித்தால் வானம் இடிந்து விழாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பற்றரிச் சட்டம், கையடக்கக் கருவிகளின் பற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டுமென்று 2027 பெப்ரவரி 18ஐக் கெடுவாக வைத்து விதித்தது. சில விலக்குகளும் அதில் உள. அதே ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுப் பழுதுபார்ப்புரிமைச் சட்டப் பட்டியலிற் சலவை இயந்திரமும் கைப்பேசியும் இடம்பெற்றன, ஹெட்போன் இடம்பெறவில்லை. அங்கேயும் போராட்டம் பாதியிலேதான் நிற்கிறது. அங்கே விற்கமுடியாத ஒட்டுப்பசைச் சரக்கு எந்தத் துறைமுகத்தை நாடி வரும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

ஆகவே சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டாம் என்கிறோம். ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பணிந்த உற்பத்தியாளர், கூட்டாக வாங்கும் பாடசாலைக்கும் பணியக்கூடும். கணினி அறைக்கும் மொழி வகுப்புக்கும் ஹெட்போன் வாங்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் தனித்தனியே கடையேறாமல், வலயத்துக்கு ஒன்றாகச் சேர்ந்து விலை கேட்கலாம். ஆசிரியர் சங்கங்கள் இதை ஒழுங்குசெய்ய வல்லவை. கேட்கும்போது விலைக்கு முன்பாகக் கேட்கவேண்டியவை சில: கம்பி கழலுமா, மெத்தை தனியாக விற்கிறீர்களா, எத்தனை ஆண்டுக்கு விற்பீர்கள், பழுதானதை எங்கள் ஊரிலேயே யார் பொறுப்பேற்பார். விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். எழுதித்தர மறுக்கும் வணிகரின் பெயரை அடுத்த பாடசாலைக்கும் அறிவிக்கவேண்டும்.