கேட்பது எந்திரம், பார்ப்பது நாம்!

இறுதியாண்டு புராஜக்ட் என்றதும் நாம் முதலில் திறப்பது கம்ப்யூட்டரை. திறக்க வேண்டியது காதை! இதை எங்கள் குழு ஓர் இரும்புக்கடையில் கற்றுக்கொண்டது.

கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்யப் போனோம். "பில் சீக்கிரம் வரணும் தம்பி, அவ்வளவுதான்" என்றார் அண்ணாச்சி. தலையாட்டிவிட்டு வந்து கலர் கலராக ஸ்கிரீன் போட்டோம். கொண்டுபோய்க் காட்டினால், "ஆணியை எண்ணியா விக்கிறாங்க? எடை போடுற இடம் எங்கப்பா?" என்று சிரித்தார். இரண்டு மாத உழைப்பு போச்சு!

மறுபடி தொடங்கும்போது ஒரு சாட்பாட்டைத் துணைக்கு வைத்தோம். 'சீக்கிரம், ஈஸி, நல்லா' என்று எது வந்தாலும் அது எண்ணாக மாறும்வரை கேள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேள் என்று அதற்குச் சொல்லிவைத்தோம். சீக்கிரம் என்றால் எத்தனை நிமிடம்? ஒரு பில்லில் எத்தனை சாமான்? திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? எங்களிடம் இரண்டு நிமிடம் பேசியவர் அதனிடம் போனில் அரைமணி நேரம் பேசினார்!

இதில் வியப்பில்லை. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட 'எலிசா', நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும் சிறு புரோகிராம்தான். அதனோடு பேசத் தொடங்கிய அவருடைய செயலாளரே, "கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். எந்திரத்திடம் மனிதருக்குக் கூச்சம் குறைவு.

ஆனால்... சாட்பாட் தொகுத்துத் தந்த தேவைப் பட்டியலில் 'கடன் விற்பனை இல்லை' என்று ஒரு வரி. அண்ணாச்சி அப்படிச் சொல்லவே இல்லை. அதுவாக இட்டு நிரப்பியது! ஒரு நாள் மாலை கடையில் போய் நின்றோம். கொத்தனார்கள் சாமான் எடுத்துப் போகிறார்கள். பில் கிடையாது. துண்டுச்சீட்டில் எழுதிக் கம்பியில் குத்துகிறார். சனிக்கிழமை கூலி வந்ததும் பணம். "ஏன் சொல்லலை அண்ணாச்சி?" என்றால், "இதெல்லாமா சொல்லணும்? தினமும் நடக்கிறதுதானே" என்கிறார்.

பழகிப்போனதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததை எந்திரம் அறியாது. ஆகவே என் கருத்து இதுதான்: கேள்வி கேட்க சாட்பாட்டை வையுங்கள், அது தரும் பட்டியலை வரிவரியாக அவரிடமே படித்துக் காட்டுங்கள், கோடிங்கைத் தொடும் முன் அரைநாளாவது அவர் கடையில் நில்லுங்கள்.

அந்தக் கம்பிச் சீட்டு எந்த சாட்டிலும் வராது, நண்பர்களே!