பாஸ்வேர்ட் பிள்ளையின் கையில் இருக்கட்டும்



உயர்தரப் பெறுபேறு வந்ததும் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இசட் புள்ளி எவ்வளவு? மாவட்ட நிலை எத்தனை? வாட்ஸ்அப் குழுக்கள் மாஷா அல்லாஹ்வால் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை.

நடப்பது இதுதான். அக்குறணையானாலும் மடவளையானாலும் கெலிஓயாவானாலும், பிள்ளை பெறுபேற்றை எடுத்துக்கொண்டு கொமியூனிகேஷன் கடைக்குப் போகிறது. கடைத் தம்பி ஒரு மின்னஞ்சல் திறக்கிறார். பாஸ்வேர்டையும் அவரே போடுகிறார். தொலைபேசி இலக்கம் வாப்பாவுடையது. பாடநெறிகளின் விருப்ப ஒழுங்கும் பக்கத்தில் நின்றவர் சொன்னபடி. காசைக் கொடுத்து, பிரின்ட் எடுத்து, 'அல்ஹம்துலில்லாஹ், வேலை முடிந்தது' என்று வீட்டுக்கு வருகிறோம்.

எங்களிடம் படித்த ஒரு மாணவிக்கும் இப்படித்தான் விண்ணப்பம் போனது. வாப்பா வெளிநாட்டில். விண்ணப்பத்தில் கொடுத்த சிம் அவருடைய பெட்டிக்குள். தெரிவான செய்தி அந்த சிம்முக்கும், யாருக்கும் பாஸ்வேர்ட் தெரியாத அந்த மின்னஞ்சலுக்கும் போயிருக்கிறது. வகுப்புத் தோழி ஒருத்தி 'நீ ரெஜிஸ்டர் பண்ணிட்டியா?' என்று கேட்டபோதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. முடிவுத் திகதிக்கு இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் உம்மாவும் மகளும் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அல்லாஹ்வின் உதவியால் இடம் தப்பியது. தப்பாமல் போயிருந்தால்?

அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பதையும் யோசிக்க வேண்டும். கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் கண்டி இல்லை. எமது பிள்ளை நான்கு தசம தானங்கள் கொண்ட ஒரு புள்ளியில் போட்டியிட்டுத்தான் உள்ளே போகிறது. டியூஷனுக்கு இவ்வளவு செலவழித்துப் பெற்ற இடத்தை ஒரு பாஸ்வேர்ட் தெரியாததால் இழப்பதா?

கடைத் தம்பியைக் குறை சொல்லி வேலையில்லை. அவர் உதவிதான் செய்தார். கடந்தகால வினாத்தாள்களை வருடக்கணக்கில் செய்வித்த ஆசிரியர்களாகிய நாம், இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்கவில்லை. குறை எம்மிடம்தான்.

உள்ளே போன பிறகும் இதே கதைதான். முன்பு பேராதனையில் படித்தவர்களுக்கு அறிவித்தல் பலகையும் அலுவலகக் கவுண்டரும் நினைவிருக்கும். இப்போது பாடத்தெரிவு, பரீட்சை விண்ணப்பம், பெறுபேறு, விரிவுரைக் குறிப்பு என்று ஒவ்வொன்றாகத் திரைக்குப் போகின்றன. பீடத்துக்குப் பீடம் முறையும் வேறு. கவுண்டரில் இருந்த கிளார்க்கிடம் 'சேர், பஸ் பிந்திவிட்டது' என்று சொல்லலாம். திரையிடம் சொல்ல முடியாது. நேரம் முடிந்தால் மூடிவிடும்.

இதனால் புதிய முறை கெட்டது என்று நாம் சொல்லவில்லை. ஒரு கையெழுத்துக்காக அம்பாறையிலிருந்து பஸ் ஏறி வந்த காலத்தைவிட இது நல்லது. 2020இல் கொரோனாவால் எல்லாம் மூடியபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாகத்தான் விரிவுரைகள் வீடுகளுக்கு வந்தன. வசதி இருக்கிறது. அதன் சாவி யாருடைய கையில் என்பதுதான் கேள்வி.

மகளுக்குத் தனி சிம்மா, தனி மின்னஞ்சலா என்று தயங்கும் பெற்றோரின் கவலை எங்களுக்கும் புரியும். நாங்களும் பெற்றோர்தான். ஆனால் ஓடிபி வரும் தொலைபேசி வாப்பாவிடமோ நானாவிடமோ இருந்தால், அவர் எடுக்கும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டும். நான்கு வருடம் விடுதியில் தங்கிப் படிக்க நம்பி அனுப்பும் பிள்ளையை, ஒரு பாஸ்வேர்டை வைத்துக்கொள்ள நம்பக்கூடாதா?

இன்னொரு தலைவலி பெயர். முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் எமது ஊர்களில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பரீட்சை விண்ணப்பத்தில் இன்னொன்று. மனிதர் பார்த்தால் ஒரே பிள்ளை என்று விளங்கும். கணினிக்கு ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள். 15 வயதில் பாடசாலை ஊடாக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே எல்லா ஆவணங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். திருத்த வேண்டியதை அப்போதே திருத்துவோம்.

பல்கலைக்கழகங்களிடமும் ஒரு கோரிக்கை. தமிழும் சிங்களமும் இந்நாட்டின் அரச கரும மொழிகள். திரை ஆங்கிலத்தில் இருந்தாலும் அதை விளக்கும் ஒரு பக்கம் இரு மொழிகளிலும் இருக்க வேண்டும். சிக்கல் வந்தால் தொலைபேசியில் பேச ஒரு மனிதர் இருக்க வேண்டும். இது சலுகையல்ல.

1945இல் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தபோது, எமது பிள்ளைகளின் வழியில் நின்ற பெரிய தடை பணம். சமூகம் சேர்ந்து கைகொடுத்தது. இன்றைய தடைகளில் ஒன்று இந்தத் திரை. இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு சனிக்கிழமை போதும்.

பெறுபேறு வந்து விண்ணப்பம் கோரியதும் பாடசாலைக் கணினி அறையைத் திறப்போம். பேராதனையில் படிக்கும் எமது பழைய மாணவ மாணவியரை அழைப்போம். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் அறிவிப்போம். உம்மாமாரும் வரட்டும். பிள்ளை தன் கையால் மின்னஞ்சல் திறக்கட்டும். தன் சிம் இலக்கத்தைக் கொடுக்கட்டும். கைநூலை வாசித்து விருப்ப ஒழுங்கைத் தானே எழுதட்டும். பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்தட்டும். அதைத் தோழிக்கும் கொடுக்க வேண்டாம், கடைக்கும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் ஊரில் யார் இதைப் பொறுப்பேற்பீர்கள்? கீழே சொல்லுங்கள். எங்கள் பாடசாலையில் நாங்கள் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.