கோடோ பிறந்தது பாரீசிலா?

சென்ற வாரம் நண்பர் ஒருவரோடு வாக்குவாதம். சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' முழுக்க முழுக்க பிரெஞ்சுத் தத்துவத்தின் பிள்ளை என்றார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அன்று தலையாட்டினேன். இன்று ஆட்ட மாட்டேன்.

பெக்கெட் அதைப் பிரெஞ்சில் எழுதினார், 1953 ஜனவரியில் பாரீசில் மேடையேறியது, எல்லாம் சரி. ஆனால் 1936 இலையுதிர் காலத்திலிருந்து ஆறு மாதம் அவர் ஜெர்மனியில் ஊர் ஊராக ஓவியம் பார்த்து அலைந்தாரே, அது எந்தக் கணக்கில்? டிரெஸ்டனில் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் 1819-ல் தீட்டிய படத்தைப் பார்த்தார். வேர் பெயர்ந்து சாய்ந்த மரம், நிலவு, நமக்கு முதுகு காட்டி நிற்கும் இரண்டு ஆண்கள். நாடகத்தின் முதல் அங்கம் முடியும்போது மேடையில் என்ன இருக்கிறது? ஒரு மரம், நிலவு, இரண்டு ஆட்கள்!

இது என் கற்பனையல்ல. 1975-ல் பெர்லினில் அதே ஓவியரின் இன்னொரு நிலவுப் படத்தின் முன் நின்று, நாடகத்தின் ஊற்று இதுதான் என்று ஆய்வாளர் ரூபி கோனிடம் பெக்கெட்டே சொன்னார்.

"எங்கிருந்து வந்தால் என்ன?" என்றார் நண்பர். தத்துவமாகவே படித்தால் கோடோ யார் என்று துப்பறிந்தே காலம் போய்விடும். படமாகப் பார்த்தால், ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து நிற்கும் அந்தத் துணை கண்ணில் படும். வராதவனை விட, கூட நிற்பவன் முக்கியம்.

இன்னொன்று. அதே நாட்களில் நாஜி அரசு நவீன ஓவியங்களை அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றிக்கொண்டிருந்தது. 1937 ஜூலையில் மியூனிக்கில் அவற்றை 'சீரழிந்த கலை' என்று கேலிக்கு வைத்தது. உத்தரவு போட்டவர்கள் மேலே இருந்தார்கள். பட்டியல் எழுதியது என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாவாகத்தான் இருக்கும். முப்பது வருடம் கோப்பு தள்ளியவனுக்கு இது உறுத்துகிறது. பெக்கெட்டோ, ஹாம்பர்க்கில் ஒதுக்கப்பட்ட ஓவியர்களைத் தேடிப் போய்ச் சந்தித்தார். அந்த இருட்டைப் பார்த்த கண்களை மறைத்துவிட்டு 'அபத்தம்' என்று முத்திரை குத்துவது நியாயமா?

என் வாத்தியாரைக் குறை சொல்ல மாட்டேன். பெக்கெட்டின் ஜெர்மன் நாட்குறிப்புகள் அவர் 1989-ல் இறந்த பிறகுதான் வெளிப்பட்டன. இன்று பாடம் நடத்துபவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

முதலில் அந்தப் படத்தை ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு சண்டைக்கு வாருங்கள், காப்பி போட்டு வைக்கிறேன்.