4 ஜிபி கார்டு என்னும் ஏமாற்று வேலை

கம்பெனிகள் கழித்துப்போட்ட பழைய டெஸ்க்டாப்பில் கேம் விளையாட என்ன போடலாம் என்று கேட்டுப் பாருங்கள். "4 ஜிபி கார்டு போடு தம்பி, எல்லா கேமும் ஓடும்" என்பார்கள். ஓடாது!

ஜிபி என்பது மெமரியின் கொள்ளளவு மட்டுமே. குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் குடம் பெரிசாக இருந்து என்ன செய்ய?

என்விடியா செய்த கூத்தைக் கேளுங்கள். 2017ல் வந்த ஜிடி 1030 கார்டில் ஜிடிடிஆர்5 மெமரி. நொடிக்கு 48 ஜிபி கடத்தும். 2018ல் அதே பெயரில், அதே 2 ஜிபியோடு, டிடிஆர்4 போட்டு இன்னொன்றை விட்டார்கள். அது கடத்துவது 16.8 ஜிபிதான்! 2014ன் ஜிடி 730ஐ 4 ஜிபி டிடிஆர்3 வைத்து விற்பதும் இந்த ரகம்தான்.

வருசநாட்டுப் பையன் இலவம்பஞ்சு விற்ற காசில் கொஞ்சம் கேட்டு வாங்கி, கடமலைக்குண்டு தாண்டித் தேனிக்குப் போய் இதை வாங்கி வருகிறான். பிரித்த பெட்டியை எந்தக் கடை திரும்ப வாங்கும்?

கார்டை அப்புறம் பார்க்கலாம். ஒற்றை ரேம் இருந்தால் ஜோடியாக்குங்கள். சிபியுவோடு வரும் கிராபிக்ஸுக்கு அந்த ரேம்தான் மெமரி, பாதையும் இரண்டாகும். எஸ்எஸ்டி போட்டால் லோடிங் வேகமாகும் (பிரேம் ரேட் ஏறாது, ஆசைப்படாதீர்கள்).

கார்டுதான் வேண்டுமா? செகண்ட் ஹேண்டில் 2019ன் ஜிடிஎக்ஸ் 1650 ஜிடிடிஆர்5 தேடுங்கள். நொடிக்கு 128 ஜிபி. ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடும், தனி பவர் வயர் கேட்காத மாடலாக இருக்கட்டும். ஒல்லிக் கேபினெட் என்றால் கார்டின் உயரத்தையும் அளந்துகொண்டு பஸ் ஏறுங்கள்.