அப்பா இனிஷியல்

அசோக் பில்லர் பக்கம் ஒரு சமையல் கான்ட்ராக்டர். அவரிடம் பழைய ஆம்னி வேன். 1984-ல் அறிமுகமாகி 2019-ல் உற்பத்தி நின்றுபோன ரகம். ஸீட்டுக்கு அடியில் 796 சி.சி. எஞ்சின். வால் பக்கம் குட்டி டிரெய்லர், நிறைய அண்டா.

“இது இழுக்குமாண்ணே?”

“இழுக்கும் தம்பி. நிக்குமான்னு கேளு!”

விஷயமே அதுதான் ஸார். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. நிறுத்துகிற பொறுப்பு முழுக்க வேனுடையது. கனமான அண்டாவை டிரெய்லரின் பின்பக்கம் வைத்தால் போச்சு. இடமும் வலமுமாக ஆடி வேனையும் சேர்த்து ஆட்டும். கனம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கணும். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கணும். அப்படியும் ஆடினால்? ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கணும். பதறிப்போய் பிரேக்கை மிதித்தால் அம்பேல்.

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்குத் தனி ரிஜிஸ்டர் நம்பர் உண்டு. கூடவே, இழுக்கிற வண்டியின் நம்பரும் அதில் தெரியணும். பிள்ளை பேருக்கு முன்னால் அப்பா இனிஷியல்!

மனுஷர் நாற்பதைத் தாண்டுவதில்லை. நூறடி ரோட்டில் ஆளாளுக்கு ஹாரன் அடிக்கிறார்கள்.

“லேட்டா போனா பொண்ணு வீட்டுக்காரங்க திட்டுவாங்க, வாங்கிக்கலாம். டிரெய்லர் கவுந்து, பின்னாடி ஸ்கூட்டர்ல வர்றவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவன் வீட்டுக்கு யார் தம்பி பதில் சொல்றது?”

அடுத்த தடவை ஹாரன் அடிக்குமுன் யோசியுங்கள். அந்த ஸ்கூட்டரில் வருவது நீங்களாகவும் இருக்கலாம்.