துருவுக்கு மேல தகரம் அடிக்காதீங்க

பொங்கலுக்கு வந்த அக்கா மகன் என் பழைய டாடா 407-ஐப் பார்த்ததும் சிரிச்சான். "மாமா, இன்னுமா இந்த ஓட்டை வண்டி? ஸ்கிராப்ல போட்டுட்டு புதுசு எடுங்க." சென்னையில் நல்ல வேலை. மூணு வருஷத்துக்கு ஒரு கார் மாத்துறவன். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

வண்டிக்கு வயசு எமன் இல்லை மாப்ளே. மறைச்சு வெச்ச துருதான் எமன்.

இந்த வண்டியை நான் செகண்ட்ஸில் வாங்கினேன். அதுக்கு முன்னாடி அது தோல் மண்டிக்கு ஓடின வண்டி. பச்சைத் தோல் அழுகாம இருக்க 100 கிலோவுக்கு சுமார் 40 கிலோ உப்பு போடுவாங்க. அந்த உப்புத்தண்ணி பலகை இடுக்கில் வடிஞ்சு வடிஞ்சு சேஸில்தான் இறங்கும். வாங்குறப்ப கருப்பு பெயிண்ட் பளபளன்னு இருந்தது. நம்பிட்டேன்.

போன ஐப்பசியில் என் மகன் தேங்காய் ஏத்திக்கிட்டு ஆம்பூர் போனான். மாதனூர் தாண்டினதும் பின்பக்கம் 'டப்'புன்னு சத்தம். ஓரங்கட்டிக் குனிஞ்சு பார்த்தா, பின் ஸ்பிரிங் பட்டை பிடிக்கிற இடத்தில் சேனல் பிளந்திருக்கு. பெங்களூரு ரோட்டில் வேகமாப் போறப்ப அது விட்டிருந்தா இன்னைக்கு நான் இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

பட்டறையில் பெயிண்டைச் சுரண்டினா உள்ளே பட்டி, பட்டிக்கு அடியில் தகரம், தகரத்துக்கு அடியில் அப்பளமா நொறுங்குற துரு. யாரோ துருவுக்கு மேலேயே தகரத்தை ஒட்டவெச்சு எப்.சி. வாங்கியிருக்காங்க. துருவில் வெல்டிங் பிடிக்காது. ரெண்டு தகட்டுக்கு நடுவில் ஈரமும் உப்பும் சிக்கினா ரெண்டையும் தின்னுடும்.

பட்டறை பாய் நேராக் கேட்டார்: "அண்ணே, மேல தகரம் அடிச்சா 3,000. வெட்டி எடுத்து வெச்சா 26,000. எது?"

வெட்டச் சொன்னேன். பாடியை இறக்கி, பேட்டரி வயரையும் டீசல் டேங்கையும் கழட்டி, உப்பு போகத் தண்ணி அடிச்சுக் காயவெச்சார். சுத்தியலால் தட்டிக்கிட்டே வந்தார். 'டங்'குன்னா நல்ல இரும்பு, 'சொத்'துன்னா சாக்பீஸ் கோடு. கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி, நல்ல இரும்பு வரைக்கும் வெட்டினார். அதையும் சாய்வா வெட்டினார். நேர்குறுக்கே வெட்டினா வெல்டிங் கோடு முழுக்க ஒரே இடத்தில் விழும், பாரம் ஏறினா அங்கேயே விரியும். அதே கனத்தில் புது சேனல், உள்பக்கம் ஒரு தாங்குத் தகடு, கடைசியில் உள்ளேயும் வெளியேயும் ரெட் ஆக்சைடு. தண்ணி வடியுற ஓட்டைகளையும் குத்திவிட்டார்.

இப்ப உங்ககிட்ட ஒரு கேள்வி. 2023 ஏப்ரல் 1-லிருந்து 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளை ஓரங்கட்டிட்டாங்க. டெல்லியில் டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம்னு கணக்கு போட்டாங்க. காலண்டருக்குத் தெரியுமா சேஸ் எப்படி இருக்குன்னு? உப்பு ஏத்தின அஞ்சு வருஷ வண்டி செத்துப்போயிருக்கும். நெல்லு மட்டும் ஏத்தின இருபது வருஷ வண்டி கல்லு மாதிரி நிக்கும். புகை சோதனையில் தேறலைன்னா நிறுத்துங்க, ஒத்துக்கிறேன். சேனல் நெடுக அரிச்சிருந்தா நானே எடைக்குப் போட்டிருப்பேன். ஆனா எப்.சி. பார்க்கிறவர் பெயிண்டைப் பார்க்கக் கூடாது, சுத்தியலால் தட்டிப் பார்க்கணும். எங்க ஊருக்கு அதுதான் வேணும்.

வேலூர் மாவட்டத் தோல் ஷாப்புகள் மேல போட்ட வழக்கில், மாசு பண்ணினவனே செலவை ஏத்துக்கணும்னு 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அது நிலத்துக்கும் கிணத்துக்கும். அதே உப்பு தின்ன என் இரும்புக்கு யாரும் தரப்போறதில்லை. 26,000 என் பையிலிருந்துதான் போச்சு. புது வண்டின்னா பல லட்சம் கடன், பத்து வருஷத் தேங்காய் அதுக்கே போயிடும்.

அக்கா மகன் கிளம்புறப்ப கேட்டான், "மாமா, என் காரையும் அந்த பாய்கிட்ட ஒருதடவை தட்டிப் பார்க்கச் சொல்லலாமா?"

கூட்டிட்டுப் போனேன்.