வாயில்லா ஜீவனுக்கும் பிள்ளைப்பேறு உண்டு

நம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டுப் பசு சினையானால் தெருவுக்கே தெரிந்துவிடும். நாள் கணக்குப் பார்ப்பார்கள், தீவனத்தைக் கூட்டுவார்கள். அதே வீட்டு மூலையில் அட்டைப் பெட்டிக்குள் சினையாகக் கிடக்கும் கினிபிக்கை யாரும் கவனிப்பதில்லை.

2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, நம்மவர்கள் பலர் பிழைப்புக்காகத் தினமும் ரயிலேறிப் பெங்களூரு போய் வருகிறார்கள். சம்பள நாளில் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி வருவது வழக்கம். சிலர் கினிபிக் ஜோடியை வாங்கி வருகிறார்கள்.

நானும் அப்படி வாங்கியவன்தான். இரண்டும் பெட்டை என்று கடைக்காரர் சொன்னார். சில மாதங்களில் ஒன்றின் வயிறு பருத்தது. நன்றாகத் தின்கிறது என்று மகிழ்ந்தோம். ஓர் இரவு அது முக்கி முனகி, குட்டியை ஈன முடியாமல், விடிவதற்குள் செத்துப் போனது. "டாக்டரிடம் ஏன் கொண்டுபோகவில்லை அப்பா?" என்று என் மகள் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை வாசகர்களுக்குச் சொல்வது என் கடமை.

கினிபிக்கின் சினைக்காலம் சுமார் 59 முதல் 72 நாள். சாதாரணமாக 2 முதல் 4 குட்டிகள். எலிக்குஞ்சு போல் கண்மூடிப் பிறப்பதில்லை. கண் திறந்து, முடியும் பல்லுமாகப் பிறக்கின்றன. அவ்வளவு வளர்ந்த குட்டிகளைச் சுமப்பது தாய்க்குப் பெரும் பாரம். பெட்டை ஏழெட்டு மாதம் தாண்டி முதன்முறை சினையானால் இடுப்பெலும்பு இறுகிவிடும். பிரசவம் உயிருக்கே ஆபத்து. அரைமணி நேரம் முக்கியும் குட்டி வராவிட்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். கடைசி வாரங்களில் தீனியைத் தொடாமல் சோர்ந்து கிடந்தாலும் அப்படியே.

மனிதனைப் போலவே கினிபிக்கின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்காது. உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 10 மில்லிகிராம் வேண்டும்; சினையில் 30 வரை தேவைப்படும். கொத்தமல்லித் தழை, குடைமிளகாய், ஒரு சிறு துண்டு கொய்யா போதும். எந்நேரமும் புல்லும் சுத்தமான தண்ணீரும் இருக்க வேண்டும். பிள்ளைகள் தூக்கி விளையாடுவதை நிறுத்த வேண்டும். அவசியம் தூக்கினால் இரு கைகளாலும் அடியில் தாங்கித் தூக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஈனுவதற்கு முன்பே கடுவனைப் பிரித்து வைக்க வேண்டும். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகக் கூடியது. ஆண் குட்டிகளையும் மூன்று வாரத்தில் பிரித்துவிட வேண்டும்.

"மனுஷனுக்கே வைத்தியம் பார்க்க வழியில்லை, இதுக்கு வேறயா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்லும் முதல் வைத்தியத்துக்குக் காலணா செலவில்லை: ஆணையும் பெண்ணையும் சேர்த்து வளர்க்காதீர்கள். வாங்கும்போதே ஆணா, பெண்ணா, வயது என்ன என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் வாங்காமல் வந்துவிடுங்கள். வாங்கிவிட்டால், தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியால் 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பிராணியை வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்க வேண்டும், வீண் வேதனை நேராமல் தடுக்க வேண்டும் என்பது அச்சட்டம் சுமத்தும் கடமை. பசுவுக்கு ஒரு நியாயம், கினிபிக்குக்கு ஒரு நியாயம் என்று அதில் இல்லை.

நமக்கு வேறொரு கடனும் உண்டு. 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை நிரூபித்துக் காட்டியது கினிபிக்குகளின் உடம்பில்தான். சுரங்கத் தூசியால் நெஞ்சு நோய் கண்ட குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. அந்தப் பிராணியை அலட்சியப்படுத்த நமக்கு என்ன உரிமை?

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கலாம், தவறில்லை. உயிரை வாங்கினால் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பொறுப்பு பிள்ளையுடையது அல்ல. காசு கொடுத்து வாங்கி வந்த பெரியவருடையது.